நயினாதீவில் காயப்போட்ட வேட்டி

ஊர்காவற்றுறையில் இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பது. தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது வரேக்கை வரும்" என்றார். வரும்போது வரும் என்பதை அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. தெரிந்ததை உள்ளபடி சொன்னார், அவ்வளவுதான்.

மலாயா ரயில்வேயில் முப்பத்தோரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராகக் காலம் தள்ளியவன் நான். வண்டி ஐந்து நிமிஷம் தாமதமானால் தண்டவாளத்தில் இறங்கி நின்று எட்டிப் பார்ப்பேன். ஓய்வு பெற்று மாயவரத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் அந்தப் புத்தி போகவில்லை. பால்காரன் வரும் நேரம், எதிர்வீட்டுக்காரர் குளிக்கப் போகும் நேரம் எல்லாம் என் மனப்பாடம். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் பிந்திவிட்டால் என் மனைவியிடம் புகார் செய்வேன். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "புண்ணியமாய்ப் போகும், எங்கேயாவது போய்விட்டு வாருங்கள்" என்றாள். அந்தச் சமயம் பார்த்துக் கதிரவேலரின் கடிதம் வந்தது.

கதிரவேலரும் மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டர்தான். என் ஸ்டேஷனுக்கு அடுத்தது அவருடையது. இருபது வருஷம் தந்திக் கம்பியில்தான் அதிகம் பேசிக்கொண்டோம். மனைவி போன பிறகு அவர் தம் சொந்த ஊரான யாழ்ப்பாணத்து நயினாதீவுக்கே திரும்பி, தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'கிராமபோன் ஊசி தீர்ந்துபோயிற்று. ஆள் அனுப்பினால் தையல் ஊசி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். நீரே நேரில் கொண்டு வாரும்' என்று எழுதியிருந்தார். ஊசிக்காகக் கடல் தாண்டி வரச் சொல்கிறவருக்கு ஊசியைத் தவிர வேறு ஏதோ வேண்டியிருக்கிறது என்றாள் என் மனைவி. இப்படிப்பட்ட விஷயங்களில் அவள் வாக்குப் பொய்த்ததில்லை.

பஸ் வந்தது. வந்ததே தவிர, போகவேண்டும் என்ற அவசரம் அதற்கு இல்லை. நாரந்தனை தாண்டியதும் ஒரு வீட்டுப் படலையின் முன் நின்றது. யாழ்ப்பாணத்தில் வேலிக் கதவுக்குப் படலை என்று பெயர். சாரதி இறங்கி, படலையைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். பயணிகளும் சாவகாசமாக இறங்கிப் பூவரச மர நிழலில் உட்கார்ந்தார்கள். என்ன பழுது என்று விசாரித்தேன். பழுது ஒன்றுமில்லை, அது அவர் வீடு, சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முன்னும் பின்னும் நடந்தேன். மர நிழலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு முதிய அம்மாள் சிறிது நேரம் என்னைக் கவனித்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, அந்த மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து ஏன் வருத்தப்படுறியள்? அவர் பசியோடை ஓட்டினா வேலியிலை கொண்டுபோய் விட்டிடுவார்."

முப்பத்தோரு வருஷத்தில் என் ஸ்டேஷனுக்கு எத்தனையோ என்ஜின் டிரைவர்கள் வந்து போனார்கள். ஏன் தாமதம் என்று எல்லாரையும் கேட்டிருக்கிறேன். சாப்பிட்டாயா என்று ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. அந்த அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாரதி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார். வேலணை வரைக்கும் பஸ் நன்றாகவே ஓடியது.

வேலணையில் ஒரு கடல் இடுக்கைத் தாண்டிப் புங்குடுதீவு. அங்கே மாட்டு வண்டியில் மடத்துவெளி வழியாக மேற்குக் கரை. அங்கிருந்து வள்ளத்தில் நயினாதீவு. எங்கள் பக்கத்தில் இரண்டு ஊருக்கு நடுவில் வாய்க்கால் இருக்கும், இங்கே சமுத்திரம் இருக்கிறது. ஆறு என்று ஒன்று கண்ணில் படவேயில்லை. காவிரியில் முங்கி வளர்ந்தவனுக்கு இது பெரிய ஆச்சரியம். ஆனால் பனையும் கிணறும் கடலும் இருந்தால் மனிதர் குறையில்லாமல் வாழலாம் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

கரையில் வள்ளத்துக்குக் காத்திருந்தபோது ஒரு வயதான அம்மாள் வந்தார். நல்ல உயரம், பஞ்சாய் நரைத்த தலை, இரண்டு மூக்கிலும் மூக்குத்தி. நெற்றியில் கையை வைத்து எதிர்த்தீவைச் சற்று நேரம் பார்த்தார். பார்த்து முடித்த பிறகுதான் பக்கத்தில் ஒருவன் நிற்பது அவர் கண்ணில் பட்டது.

"ஐயா ஆர் வீட்டுக்கு?"

"ஸ்டேஷன் மாஸ்டர் கதிரவேலர் வீட்டுக்கு."

அவர் கடலைப் பார்த்தார். "அவருக்கு இருமல் இப்ப எப்பிடியாம்?"

"போய்ப் பார்த்தால்தான் தெரியும் அம்மா."

"வாடைக்காத்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. தலைக்குத் துண்டு கட்டச் சொல்லுங்கோ." இரண்டடி போனவர் திரும்பி, "நான் சொன்னதெண்டு சொல்லவேண்டாம்" என்றார்.

"நீங்கள் யார் என்றே எனக்குத் தெரியாதே அம்மா."

"அப்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வள்ளக்காரர் பெயர் சின்னத்தம்பி. நாற்பது வயதிருக்கும், சளசளவென்று பேசுகிறவர். பாயை விரித்ததும் வடகிழக்கிலிருந்து வந்த வாடைக்காற்று எங்களை அள்ளிக்கொண்டு போயிற்று. "போறது சுகம் ஐயா. திரும்பி வரேக்கைதான் உயிர் போகும். தென்மேற்கிலை சோழகக் காத்து அடிக்கிற காலத்திலை எல்லாம் மாறி நடக்கும்" என்று அந்தக் கடலின் கால அட்டவணையையே இரண்டு வரியில் சொல்லி முடித்தார். அக்கரையில் இறங்கும்போது, வள்ளம் நிற்பதற்கு அரை நொடி முன்பாகக் காலை வெளியே வைத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தேன். பிறந்ததிலிருந்து நேரத்துக்கு முந்திக்கொண்டு ஓடியவனுக்கு அன்றுதான் அதற்குத் தண்டனை கிடைத்தது.

கதிரவேலர் கரைக்கே வந்திருந்தார். தலையில் முடி இல்லை, வாயில் பாதிப் பல் இல்லை. "மாஸ்டர், நீர் அப்பிடியே இருக்கிறீர்" என்று மனமறிந்து பொய் சொன்னார். நானும் அதே பொய்யை அவருக்குத் திருப்பிச் சொன்னேன். வயதானவர்கள் ஒருவருக்கொருவர் செய்யும் மரியாதைகளில் இது முதலாவது. இரண்டாவது, மற்றவர் வியாதியைக் காது கொடுத்துக் கேட்பது. அன்று சாயந்திரம் வீட்டு முன் விறாந்தையில் உட்கார்ந்து அதையும் செய்தோம். நான் முழங்காலை எடுத்து விட்டேன். அவர் இருமலை எடுத்து விட்டார். என் முழங்கால் நல்ல முழங்கால்தான், ஆனால் அவர் இருமல் ஜெயித்துவிட்டது.

மறுநாள் காலையில் குரக்கன் என்கிற கேழ்வரகில் பிட்டும், தேங்காய்ப்பாலில் காய்ச்சிய சொதியும் கொடுத்தார். தேநீரில் சீனி போடும் வழக்கம் இல்லை. பனங்கட்டியை ஒரு கடி கடித்து, தேநீரை ஒரு வாய் குடிக்கவேண்டும். நான் பனங்கட்டியை முதல் வாயிலேயே தின்றுவிட்டு மீதியைக் கசப்போடு குடித்தேன். மத்தியானம் ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவைக் கரைத்து, அதில் நண்டு, மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மிளகாய் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் போட்டுக் காய்ச்சுகிறார்கள். பலா இலையை மடித்து அதால் அள்ளிக் குடிக்கவேண்டும். முதல் வாய்க்கு என் கண்ணில் நீர் வந்தது. நாலாவது வாய்க்குப் பானையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன்.

ஊசி தீர்ந்த பிறகு அவர் இலந்தை முள்ளை வைத்துக் கிராமபோனை ஓட்டியிருக்கிறார். தகடு போட்டுக் காட்டினார். பாடிய அம்மாள் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி கேட்டது. நான் புது ஊசியை மாட்டினேன். கதிரவேலர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "உவ இவ்வளவு வடிவாப் பாடினவவோ? நான் இவ்வளவு நாளும் பிழையா நினைச்சுப்போட்டன்" என்று அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்.

சாயந்திரம் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தது, ஒரு மாமியாரும் மருமகனும் சண்டை போடுகிற ஹாஸ்யத் தகடு. நூறு தடவையாவது கேட்டிருப்பார்கள். ஹாஸ்யம் வருவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வந்தபோது மறுபடியும் சிரித்தார்கள். பட்டணத்தில் தினம் ஒரு புதுக் கூத்துத் தேடி அலைகிறவர்களை நினைத்துக்கொண்டேன். தெரிந்த பாட்டிலும் தெரிந்த சிரிப்பிலும் உள்ள சுகம் புதியதில் இல்லை என்பது என் கட்சி. அறுபதை நெருங்கியவன் வேறு எந்தக் கட்சியில் சேரமுடியும்?

அவர்கள் போன பிறகு, கரையில் ஓர் அம்மாள் இருமலை விசாரித்ததைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கதிரவேலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரண்டு மூக்கிலும் மூக்குத்தியோ?"

"ஆமாம்."

கிராமபோன் மூடியைச் சாத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அது என்ர அக்கா. நாகமுத்து. என்னை வளத்தவ. அங்கை மடத்துவெளியிலைதான் கலியாணம் முடிச்சவ. நான் கடைசி லீவிலை வந்து நிக்கேக்கை அம்மா செத்துப்போனா. ஆடி மாதம். சோழகம் எண்டாச் சோழகம், அக்கரையிலையிருந்து ஒரு வள்ளமும் இஞ்சாலை வர ஏலாது. பகல் முழுக்கப் பாத்தன். ஊர்ச் சனம் 'இனி வைச்சிருக்க ஏலாது' எண்டு சொல்லிச்சுது. எடுத்திட்டம். அடுத்த நாள் வெள்ளனக் காத்து விழுந்தது. அக்கா வந்தா. சாம்பலைத்தான் கண்டவ."

"காற்று அடித்ததற்கு நீர் என்ன செய்வீர் ஓய்?"

"நானும் அதைத்தான் சொன்னனான். அம்மாவின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்காதவவுக்குக் காத்தைப் பற்றிச் சொல்லி என்ன? நான் செத்த அண்டைக்குத்தான் இனி இந்தப் படலைக்குள்ளை கால் வைப்பாவாம். பதினொரு வரியம். நான் மூண்டு தரம் போய்ப் பாத்தனான். படலையைச் சாத்திப்போட்டா." புது ஊசிப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஊசி ஒரு சாட்டு மாஸ்டர். நீர் ஒருக்கால் போய்க் கதைச்சுப் பாரும். வேற்று மனிசனுக்கு முன்னாலை படலையைச் சாத்தமாட்டா."

சனிக்கிழமை நான் போவது என்று முடிவாயிற்று. இடையில் வியாழக்கிழமை, காற்று தோதாக இருக்கிறது என்று என்னை நெடுந்தீவுக்கு அழைத்துப் போனார். காத்திருக்கும் இரண்டு நாளும் வீட்டில் உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. எனக்கு அது புரிந்தது.

நெடுந்தீவில் வேலிகூடக் கல்தான். கடலடிக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கி மதில் கட்டியிருக்கிறார்கள். மதிலுக்கு அப்பால் குட்டையான குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் மேய்ந்தன. வெள்ளைக்காரர் காலத்தில் விட்டுப்போன குதிரைகளின் வம்சமாம். சேணம் இல்லை, லாடம் இல்லை, உத்தியோகம் இல்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எப்படி இருக்கவேண்டும் என்று அவற்றைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றியது. மாட்டுப் பட்டியில் பால் கறந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், கழுத்தில் சிலுவை தொங்க, எங்களுக்குச் சுடச்சுடப் பால் கொடுத்தார். கொடுத்த கையோடு வயதைக் கேட்டார். இந்தத் தீவுகளில் ஊர் எது என்று கேட்கிற மாதிரியே வயதையும் கேட்கிறார்கள். சொன்னோம். "அப்ப சின்னப் பெடியள்" என்றார். அவருக்கு எண்பத்திரண்டாம்.

கிணற்றடியில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"உவையள் ஆரப்பா, குதிரையை வாய் பாத்துக்கொண்டு நிக்கினம்?"

"பென்சன் ஆக்கள் போலை கிடக்கு. வீட்டிலை துரத்திவிட்டிருப்பினம்."

என் வரையில் அது நூற்றுக்கு நூறு உண்மை.

போகும்போது ஒரு மணி நேரம், திரும்பும்போது அரை நாள். எதிர்க்காற்றில் அலை வள்ளத்துக்குள் ஏறி என்னைத் தலையோடு கால் குளிப்பாட்டியது. கொண்டுவந்த இரண்டு வேட்டியில் ஒன்று முதல் நாளே கடலில் நனைந்திருந்தது. இப்போது இரண்டாவதும் உப்பேறி அட்டையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரவேலர் சாய்மனைக் கதிரை என்கிற சாய்வு நாற்காலியில் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தார். கோயிலில் விசேஷம் என்று அக்கம்பக்கத்தார் எல்லாரும் போயிருந்தார்கள். நான், அங்கே சாரம் என்று சொல்கிற அவருடைய கைலி ஒன்றைக் கட்டிக்கொண்டு, வேட்டி இரண்டையும் கிணற்றடியில் அலசினேன். எங்கே காயப்போடுவது? வேலியில் போட்டால் ஆடு தின்னும். முதல் நாள் என் துண்டின் ஒரு நுனியைத் தின்றிருந்தது. மணலில் விரித்தால் மணலாகும்.

வீட்டைச் சுற்றிய வளவின் கடற்கரை ஓரத்தில் ஒரு கம்பம் நின்றது. பாய்மரம் அளவு உயரம். உச்சியில் ஒரு கப்பி, அதில் புத்தம் புதுக் கயிறு. மேலே காற்று பிய்த்துக்கொண்டு வீசியது. கப்பியையும் கயிற்றையும் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது, எத்தனை வருஷம் சிக்னலை ஏற்றி இறக்கிய கை. ஒரு வேட்டியின் நுனியில் இன்னொன்றை முடிந்து, கயிற்றில் கட்டி, உச்சி வரைக்கும் ஏற்றிவிட்டேன். பதினாறு முழமும் ஜோராகப் பறந்தன. பத்து நிமிஷத்தில் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன்.

ஓர் ஒப்பாரிச் சத்தம் என்னை எழுப்பியது. யார் வீட்டிலோ சாவு என்று எண்ணிப் பரிதாபப்பட்டேன். சத்தம் கடற்கரைப் பக்கமிருந்து நெருங்கி வந்தது. நேராக எங்கள் படலையில் வந்து நின்றது. நான் எழுந்திருக்கப் போனேன். கதிரவேலர் கண்ணைத் திறந்திருந்தார். கையை நீட்டி என்னைத் தடுத்து, இரும் என்று சைகை காட்டினார். அவருக்குக் குரல் தெரிந்துவிட்டது.

தென்னோலைக் கிடுகு வேலிக்கு அப்பால் நின்று அந்தக் குரல் அழுதது:

"என்ர ராசா, இடுப்பிலை வைச்சு உனக்கு வள்ளம் காட்டினனே,
காட்டின வள்ளத்திலை நீ கடல் கடந்து போனியே,
போன சீமையிலிருந்து சேலை அனுப்பினியே,
அனுப்பின சேலையை நான் கட்டாமல் வைச்சனே,
பெட்டகத்துச் சேலையைப் பூச்சி அரிச்சுதே,
பதினொரு வரியமாய்க் கரையிலை நிண்டனே,
வெள்ளை ஏறேல்லை எண்டு வீட்டுக்குப் போனனே,
நாளைக்குக் கதைப்பம் எண்டு நாளைக் கடத்தினனே,
கதைக்க நினைச்சிருக்கக் கண்ணை மூடினியே..."

எங்கள் பக்கத்தில் பெரிய பெரிய பாட்டுக் கச்சேரியெல்லாம் கேட்டிருக்கிறேன். ஒருவன் தன் ஒப்பாரியைத் தானே உட்கார்ந்து கேட்பதை அன்றுதான் பார்த்தேன். கதிரவேலர் அசையவில்லை. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அந்த அழுகை நின்றிருக்கும். அவர் கூப்பிடவில்லை. இருமல் வந்தபோது துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டேயிருந்தது. அதைத் துடைத்தால் ஒரு வரி கேளாமல் போய்விடுமோ என்று பயந்தவர்போல் துடைக்காமலே இருந்தார்.

கடைசியில் படலை திறந்தது. தலைவிரி கோலமாக நாகமுத்து அம்மாளும், அவருக்குப் பின்னால் தோளில் துண்டோடு சின்னத்தம்பியும் உள்ளே வந்தார்கள். விறாந்தையில் இரண்டு கிழவர்கள் கதிரையில் உட்கார்ந்திருந்தோம். அம்மாள் வைத்த காலை எடுக்காமல் நின்றார்.

"உயிரோடையோ இருக்கிறாய்?"

"ஓம் அக்கா."

"அப்ப ஆர் செத்தது?"

கதிரவேலர் எழுந்து கடற்கரைப் பக்கம் பார்த்தார். கம்பத்தில் பறந்ததைப் பார்த்தார். பிறகு என் இடுப்பில் இருந்த சாரத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சின்னத்தம்பிதான் சொன்னார். இந்தத் தீவுகளில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வளவுக் கம்பத்தில் வெள்ளை ஏற்றுவார்களாம். அக்கரையில் இருக்கும் சொந்தம் அதைக் கண்டு வள்ளம் எடுக்கும். எங்கள் ஊரில் ஆள் நடந்துபோய்ச் சொல்கிற செய்தியை இங்கே துணி சொல்கிறது. "ஒரு வேட்டி இல்லை, ரண்டு வேட்டி பறந்தது. கதிரவேலண்ணை பெரிய மனிசன்தானே, அதுதான் ரண்டு எண்டு நினைச்சம்" என்றார்.

வாழ்நாள் முழுவதும் சிக்னலால் சோறு தின்றவன், வெட்கத்தால் கூனிக் குறுகி, "அம்மா, அது என் வேட்டி. காயப்போட்டேன்" என்றேன்.

அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் ஈர வேட்டி எரிந்து போயிருக்கும். "உங்கட ஊரிலை வேலி இல்லையோ ஐயா?"

"ஆடு தின்னும் என்று..."

"தின்னட்டுமே."

அம்மாள் அப்படியே மணலில் உட்கார்ந்தார். கதிரவேலர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அம்மாள் செம்பைப் பார்த்தார். தொடவில்லை. எழுந்து போய்விடுவாரோ என்று நான் படலைப் பக்கம் நகர்ந்து நின்றேன். பதினொரு வருஷம் காத்திருந்து கிடைத்ததை என் வேட்டி கொடுத்துப் பறித்துவிட்டால் அந்தப் பாவத்தை எந்தக் காவிரியில் கழுவுவேன்?

சின்னத்தம்பி சும்மா இருக்கவில்லை. "அக்கா, நீங்கள் அண்டைக்கு என்ன சொன்னனீங்கள்? உந்தக் கம்பத்திலை வெள்ளை ஏறினாத்தான் வருவன் எண்டுதானே சொன்னனீங்கள். வெள்ளை ஏறினது. வந்தனீங்கள். சொல்லுத் தப்பேல்லை. ஆள் சாகேல்லை எண்டதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

கொழும்பில் கோட்டுப் போட்ட வக்கீல்கூட இவ்வளவு சுருக்கமாக வாதாடியிருக்கமாட்டார். அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு செம்பை எடுத்து முழுவதையும் குடித்தார்.

"அக்கா" என்றார் கதிரவேலர், "அண்டைக்கு நான் காத்திருந்திருக்கவேணும். ஆர் என்ன சொன்னாலும் காத்திருந்திருக்கவேணும். பிழை விட்டிட்டன்."

"காத்து எப்பிடி அடிச்சுதெண்டு எனக்கும் தெரியும்தானே. நானும் கரையிலை நிண்டனான்" என்றார் அம்மாள். "தெரிஞ்சாப்போலை மனம் ஆறுமே?"

அம்மாள் கூந்தலை முடிந்துகொண்டு குசினிக்குள் போனார். மத்தியானத்துக் கறியை ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "உதைத் திண்டால் ஆருக்குத்தான் இருமல் வராது" என்று சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினார். செத்தார் என்று செய்தி வந்தவருக்கு ஆயுசு கெட்டி என்று சின்னத்தம்பி எனக்கு ஆறுதல் சொன்னார். கதிரவேலர் குசினி வாசலில் போய் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி, "அக்கா, மிச்சத்தையும் சொல்லன்" என்றார்.

"என்ன மிச்சம்?"

"படலையடியிலை சொன்னதின்ரை மிச்சம். இன்னும் இருந்ததுதானே."

"அது நீ செத்தாப்பிறகு" என்றார் அம்மாள், உப்பைப் போட்டுக்கொண்டே.

நான் போய் வேட்டியை இறக்கினேன். அவிழ்க்கும்போது, பின்னாலேயே வந்த கதிரவேலரிடம், கயிறு ஏன் இவ்வளவு புதியதாக இருக்கிறது என்று கேட்டேன். கதிரவேலர் குரலைத் தாழ்த்தி, "ஒவ்வொரு வரியமும் நான்தான் மாத்துறனான் மாஸ்டர். நான் போற அண்டைக்கு ஏத்தேக்கை அறக்கூடாதெல்லே. அக்கா வரவேணுமே" என்றார்.

அன்று அம்மாள் அங்கேயே தங்கினார். மறுநாள் சனிக்கிழமை. நான் தூது போகவேண்டிய நாள். போவதற்கு வேலை இல்லை. விடியற்காலையில் காற்று சற்றுத் தணிந்திருக்கும்போதே சின்னத்தம்பி அம்மாளை ஏற்றிக்கொண்டார். கதிரவேலர் முழங்கால் தண்ணீரில் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடுகிற மாதிரித் தெரியவில்லை.

"கையை எடு, குளிருது. தலையிலை துண்டைக் கட்டு" என்றார் அம்மாள். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் முந்திப் போனனெண்டா, நீ வருமட்டும் என்னை எடுக்கவேண்டாமெண்டு பெடியளிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். எந்தக் காத்தெண்டாலும்."

"எப்ப சொன்னனீ, அக்கா?"

"சாம்பலைப் பாத்திட்டுப் போன அண்டைக்கே."

வள்ளம் நகர்ந்தது. கதிரவேலர் தண்ணீரிலேயே நின்றுகொண்டு, "அக்கா, நாளைக்கு வாறன்" என்று கத்தினார். அம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. "படலை திறந்துதான் கிடக்கும்" என்று சொன்னது மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. கடல் முழுவதும் வெள்ளை வெள்ளையாய் அலை. சின்னத்தம்பி வானத்தைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு ஏலாது அண்ணை. நாளையிண்டைக்குப் பாப்பம்" என்றார். கதிரவேலர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.